அப்பாவின் லேத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் லேத் மிஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? உங்கள் மேஜை மீது இருக்கும் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்ததும் கண்டுகொள்வீர்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரை அப்படிக் கண்டுகொள்வது கஷ்டம். அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. நாலு இலக்க டிஸ்ப்ளேயும் ஐந்தாறு பட்டன்களும்தான். பெயர் வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ். சுருக்கமாக விஎஃப்டி. பட்டறைகளில் "டிரைவ்" என்றால் போதும்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். அப்பா கோயமுத்தூரில் முப்பது வருடம் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய நாலரை அடி லேத் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் போட்டார். மோட்டார் 1 ஹெச்பி, த்ரீ பேஸ். எங்கள் வீட்டுக்கு வருவதோ சிங்கிள் பேஸ் இணைப்பு. லேத் மூன்று மாதம் தார்ப்பாய்க்குள் தூங்கியது. தீபாவளி லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு டிரைவ் வாங்கிப் போனேன். மாட்டிய மூன்றாம் நாள் ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. தவறு டிரைவ் மீது இல்லை, செட்டிங் போட்ட என் மீதுதான். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டிக்குள் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

டிரைவ் என்ன செய்கிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 50 முழுச் சுற்றுகளாகத் திசை மாறி மாறி வருகிறது. த்ரீ பேஸ் மோட்டாரின் வேகம் இந்த 50 என்ற எண்ணைப் பொறுத்தது. 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி, மோட்டாரின் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காந்தப்புலம் சுற்றும் வேகம் வரும். நான்கு துருவ மோட்டாருக்கு 1500. மோட்டார் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி 1440 அளவில் சுற்றும். 50 ஹெர்ட்ஸை 25 ஆக்கினால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதைச் செய்ய டிரைவ் மூன்று படிகளில் வேலை செய்கிறது. முதலில் வரும் ஏசியை டிசி ஆக்குகிறது. உங்கள் கேபினெட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் செய்யும் முதல் வேலையும் இதுதான். அடுத்து அந்த டிசியைப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. 230 வோல்ட் ஏசி இங்கே சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். கடைசியாக ஆறு மின்னணு சுவிட்சுகளை விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஆன், ஆஃப் செய்து, தேவையான ஃப்ரீக்வென்சியில் மூன்று பேஸ்களை உருவாக்குகிறது. எந்த சுவிட்ச் எப்போது ஆன் ஆக வேண்டும் என்று கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் ஒரு பிராசஸர்.

வேகத்தைக் குறைக்கும்போது டிரைவ் வோல்டேஜையும் சேர்த்தே குறைக்கும். 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட் என்றால், 25 ஹெர்ட்ஸில் 115 வோல்ட். அப்படிக் குறைக்காவிட்டால் மோட்டார் அதிக கரன்டை இழுத்துச் சூடாகிவிடும். உங்கள் லேப்டாப் பிராசஸரும் வேலை இல்லாதபோது கிளாக் வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறைத்துச் சூட்டைத் தவிர்க்கிறது. காரணம் வேறு, பழக்கம் ஒன்று.

வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

டிரைவ் வாங்கக் கடைக்குப் போகும் முன் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள்.

உங்கள் லேத்தில் கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார் இருந்தால் இந்த வகை டிரைவ் அதற்குப் பொருந்தாது. த்ரீ பேஸ் மோட்டார்தான் வேண்டும்.

சிறிய த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பில் வரும். சிங்கிள் பேஸில் ஓடும் சாதாரண டிரைவ், உள்ளே வரும் 230 வோல்ட்டுக்கு மேல் வெளியே தராது. அப்படியானால் 415 வோல்ட் மோட்டாரை எப்படி ஓட்டுவது? விடை மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் இருக்கிறது. ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 415-ஐ 1.732-ஆல் வகுத்தால் வரும் 240 வோல்ட்தான். அதே காயில்களை டெல்டாவாக மாற்றினால் மோட்டார் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். நம் 230-க்கு அது சரியாகப் பொருந்தும்.

பெட்டியைத் திறந்தால் ஆறு டெர்மினல்களும் சிறு பித்தளைப் பட்டைகளும் தெரியும். ஒரு வரிசையில் மூன்றையும் பட்டைகள் இணைத்திருந்தால் ஸ்டார். பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடிகளாகப் போட்டால் டெல்டா. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் படம் ஒட்டியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். ஆறுக்குப் பதில் மூன்று வயர் மட்டும் வெளியே வந்தால், மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும்.

டெல்டாவுக்கு மாற்றியதும் கரன்டும் 1.732 மடங்கு ஆகும். எங்கள் மோட்டாரில் 1.8 ஆம்பியர் என்று இருந்தது. டெல்டாவில் 3.1 ஆம்பியர். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவைத் தேர்வு செய்யவும், பிறகு செட்டிங் போடவும் இது வேண்டும். டிரைவின் அவுட்புட் ஆம்பியர் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஹெச்பியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

வயரிங்: செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

1. டிரைவுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி போடுங்கள். மோட்டார் 3 ஆம்பியர் எடுத்தாலும், டிரைவ் சிங்கிள் பேஸிலிருந்து அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். டிரைவ் மேனுவலில் இன்புட் கரன்ட் இருக்கும். வயர் தடிமனும் எம்சிபியும் அதன்படி.

2. கம்ப்யூட்டர் சொருகியிருக்கும் ஸ்பைக் பஸ்டரிலோ, யுபிஎஸ்ஸிலோ டிரைவைச் சொருகாதீர்கள். கம்ப்யூட்டர் யுபிஎஸ் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல.

3. மெயின் லைன் வர வேண்டியது ஆர், எஸ் அல்லது எல்1, எல்2 என்று எழுதிய இன்புட் டெர்மினல்களுக்கு. மோட்டாருக்குப் போவது யு, வி, டபிள்யூ. இவற்றை மாற்றி, யு, வி, டபிள்யூவில் மெயின் லைனைக் கொடுத்தால் டிரைவ் எரிந்துவிடும். மாட்டிய பிறகு இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

4. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த சுவிட்சும் வேண்டாம். பழைய ஸ்டார்ட்டர், முன்-பின் மாற்றும் டிரம் சுவிட்ச் எல்லாம் அந்தப் பாதையிலிருந்து வெளியே வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் இணைப்பைத் துண்டித்தால் டிரைவின் உள்ளிருக்கும் சுவிட்சுகள் பழுதாகலாம். ஸ்டார்ட், ஸ்டாப் எல்லாம் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினல்களுக்குப் போகும் சிறிய வோல்டேஜ் பட்டன்கள் மூலம்தான்.

5. எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. டிரைவ், மோட்டார், லேத் மூன்றுக்கும் எர்த் வேண்டும். மோட்டாருக்குப் போகும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருப்பது நல்லது.

6. டிரைவ் ஓடும்போது ஆர்சிசிபி ட்ரிப் ஆகலாம். டிரைவின் ஃபில்டர் வழியாக எர்த்துக்குப் போகும் சிறு கசிவு இதற்கு ஒரு காரணம். எரிச்சலில் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடாதீர்கள். எந்த வகை ஆர்சிசிபி பொருந்தும் என்று மேனுவலில் பாருங்கள்.

7. லேத்தில் இரும்புச் சுருளும் தூளும் பறக்கும். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால் போதும், டிரைவ் போய்விடும். காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், லேத்துக்குச் சற்றுத் தள்ளி மாட்டுங்கள்.

8. எம்சிபியை ஆஃப் செய்ததும் டிரைவைத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் இன்னும் இருக்கும். மேனுவல் சொல்லும் நேரம், குறைந்தது பத்து நிமிடமாவது காத்திருந்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

9. எளிதில் கை எட்டும் இடத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் வையுங்கள். டிரைவின் முகப்பில் இருக்கும் ஸ்டாப் பட்டன் அதற்கு மாற்று ஆகாது. எமர்ஜென்சி பட்டன், டிரைவுக்கு வரும் சப்ளையையே கான்டாக்டர் மூலம் துண்டிப்பதாக இருக்கட்டும். ஆனால் தினசரி ஆன், ஆஃப் வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு முறை சப்ளை வரும்போதும் கெப்பாசிட்டர்கள் புதிதாக சார்ஜ் ஆக வேண்டியிருக்கும். அடிக்கடி செய்தால் டிரைவின் ஆயுள் குறையும்.

பாராமீட்டர் என்றால் பயாஸ் செட்டப்

கம்ப்யூட்டரில் பயாஸ் செட்டப் பார்த்திருப்பீர்கள். டிரைவின் பாராமீட்டர்களும் அதுபோலத்தான். நூற்றுக்கணக்கில் இருக்கும். நமக்குத் தேவை பத்துக்குள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் மாறும் என்பதால் பெயரை மட்டும் தருகிறேன். மேனுவலின் பிடிஎஃப் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, தேடல் வசதியில் பெயரைக் கொடுத்தால் எண் கிடைத்துவிடும்.

மோட்டார் வோல்டேஜ் 230, பேஸ் ஃப்ரீக்வென்சி 50. மோட்டார் கரன்ட், நாம் கணக்கிட்ட 3.1. இதைச் சரியாகக் கொடுத்தால்தான் மோட்டார் அதிகச் சுமையில் சூடாவதற்கு முன் டிரைவ் நிறுத்தும். அதிகபட்ச ஃப்ரீக்வென்சி 60 போதும். பழைய லேத்தின் பேரிங்கும் வார்ப்பிரும்பு சக்கும் அதிக வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

வேகம் எடுக்கும் நேரம் 8 விநாடி, நிற்கும் நேரம் 6 விநாடி என்று தொடங்குங்கள். நிற்கும் நேரத்தை மிகக் குறைத்தால் கனமான சக்கின் வேகம் மின்சாரமாகத் திரும்பி வந்து டிசி வோல்டேஜை ஏற்றிவிடும். டிரைவ் பிழை காட்டி நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பிண்டிலில் மரையிட்டு மாட்டிய சக்காக இருந்தால், திடீரென்று நிறுத்தும்போதோ ரிவர்ஸில் ஓட்டும்போதோ சக் மரை கழன்று விழலாம். அப்படிப்பட்ட லேத்தில் ரிவர்ஸ் வசதியையே பாராமீட்டரில் தடை செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டு முடித்ததும் ஒரு பேப்பரில் எழுதி டிரைவ் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். இதுதான் உங்கள் பேக்கப்.

மூன்றாம் நாள் நடந்தது

இதுவரை படித்தவர்களுக்கு, ஒரு செட்டிங்கை நான் சொல்லவே இல்லை என்பது தெரிந்திருக்காது. எனக்கும் அன்று தெரியவில்லை.

பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண திருகு சுவிட்சை டிரைவில் இணைத்திருந்தேன். திருப்பினால் ஓடும், மறுபடி திருப்பினால் நிற்கும். இதற்கு டூ வயர் கன்ட்ரோல் என்று பெயர். டிரைவ் பெட்டியிலிருந்து வந்தபோதே அப்படித்தான் செட் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது. லேத் மெதுவாக நின்றது. முப்பது வருடப் பழக்கத்தில் அப்பா சுவிட்சைத் தொடவில்லை. டார்ச் வெளிச்சத்தில் சக் கீயை மாட்டி, ஜாப்பைக் கழற்றப் போனார். டீ வந்ததால் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஒரு அடி நகர்ந்தார். கரண்ட் வந்தது. திருகு சுவிட்ச் இன்னும் "ஓடு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவ் சொன்னதைக் கேட்டது. சக் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. கீ லேத் பெட்டில் மோதித் தெறித்து, கூரைத் தகரத்தில் அடித்துக் கீழே விழுந்தது. அப்பா கையில் டீ கிளாஸ் இருந்தது. அந்தக் கை சக் கீயில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அப்பா எமர்ஜென்சி பட்டனை அடித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஏன் கண்ணு, பழைய ஸ்டார்ட்டர் இப்படிச் செய்யாதே?"

உண்மை. பழைய ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்தினால் ஒரு காயில் கான்டாக்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், யாராவது மறுபடி பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஓடும். பட்டறைகளில் இதற்கு நோ வோல்ட் காயில் என்று பெயர். டிரைவ் வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்பதால் ஸ்டார்ட்டர் தேவையில்லை என்று தூக்கிப் போட்டேன். அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இந்தக் காவல் வேலையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன். சாஃப்ட்வேரில் பழைய கோடை நீக்கும்போது அது வேறு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடிப் பார்ப்போம். ஸ்டார்ட்டரை அப்படிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் அன்டூ உண்டு. லேத்தில் கிடையாது.

எப்படிச் சரி செய்தோம்?

அன்றிரவே த்ரீ வயர் கன்ட்ரோலுக்கு மாற்றினோம். இதில் இரண்டு அழுத்து பட்டன்கள். பச்சையை ஒரு தடவை அழுத்திவிட்டால் டிரைவ் "ஓடு" என்று நினைவில் வைத்துக்கொள்ளும். சிவப்பை அழுத்தினாலோ, கரண்ட் போனாலோ அந்த நினைவு அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் சேவ் செய்யாமல் கரண்ட் போனால் ரேமில் இருந்தது அழிவது போல. அங்கே அது நஷ்டம், இங்கே அதுதான் பாதுகாப்பு.

கூடவே மூன்று செட்டிங்குகளைப் பார்த்தோம். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் வசதி: தடை. நொடிப்பொழுது மின்தடைக்குப் பின் தானாகத் தொடரும் வசதி: தடை. பிழை வந்தால் தானாக ரீசெட் ஆகும் வசதி: பூஜ்யம். விட்டதும் தானாக வெளியே தள்ளிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த சக் கீ ஒன்றையும் வாங்கினோம்.

வேகக் கணக்குக்கு எக்செல்

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை. எந்த விட்டத்துக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வைப்பது என்று எக்செலிலோ, இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஒரு அட்டவணை போடலாம். மைல்டு ஸ்டீலை சாதாரண ஹெச்எஸ்எஸ் டூலில் கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏ2 செல்லில் விட்டத்தை மில்லிமீட்டரில் கொடுங்கள். பி2 செல்லில் =30000/(3.14*ஏ2) என்று டைப் செய்தால் ஆர்.பி.எம். வரும். சி2 செல்லில் =பி2*50/400 என்று கொடுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். 400 என்பது 50 ஹெர்ட்ஸில், இப்போது பெல்ட் இருக்கும் புல்லியில் ஸ்பிண்டில் சுற்றும் வேகம். உங்கள் லேத்தில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

25 மி.மீ. கம்பிக்கு 382 ஆர்.பி.எம்., அதாவது சுமார் 48 ஹெர்ட்ஸ். 50 மி.மீ.க்கு 191, சுமார் 24 ஹெர்ட்ஸ். 12 மி.மீ.க்கு 796 வேண்டும். அதற்குச் சுமார் 100 ஹெர்ட்ஸ் என்று அட்டவணை காட்டும். நம் எல்லை 60. எனவே பெல்ட்டை வேகமான புல்லிக்கு மாற்ற வேண்டும். 75 மி.மீ.க்கு 16 ஹெர்ட்ஸ் என்று வரும். அவ்வளவு மெதுவாக மோட்டார் சுற்றினால் அதன் சொந்த ஃபேனும் மெதுவாகிச் சூடேறும். தவிர, 25 ஹெர்ட்ஸில் 1 ஹெச்பி மோட்டார் அரை ஹெச்பிதான் தரும். பெரிய ஜாப்புக்குப் பெல்ட்டை மெதுவான புல்லிக்கு மாற்றுங்கள், அல்லது பேக் கியரைப் போடுங்கள். டிரைவ் வந்துவிட்டது என்று பெல்ட்டையும் கியரையும் மறந்துவிடக் கூடாது. இதை அப்பா அட்டவணை பார்க்காமலே சொன்னார்.

பல டிரைவ்களில் ஆர்எஸ்-485 இணைப்பும் இருக்கும். யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, மோட்பஸ் முறையில் கம்ப்யூட்டரில் வேகத்தையும் கரன்டையும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேத்தை ஓட்டும் பட்டன் லேத்தின் முன்னால் நிற்பவர் கையில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

டிரைவ் மாட்டியிருப்பவர்கள், மாட்டப் போகிறவர்கள் அனைவரும் இதைச் செய்து பாருங்கள். சக்கில் ஜாப் இருக்கக் கூடாது, சக் கீ கையில் இருக்க வேண்டும். 10 ஹெர்ட்ஸில் லேத்தை ஓட விடுங்கள். ஓடும்போதே எம்சிபியை ஆஃப் செய்யுங்கள். டிரைவின் டிஸ்ப்ளே முழுவதும் அணையும் வரை காத்திருங்கள். தள்ளி நின்றுகொண்டு எம்சிபியை ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே எரிய வேண்டும், சக் அசையக் கூடாது. ஒரு விநாடி மட்டும் எம்சிபியை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்தும் பாருங்கள். அப்போதும் தானாக ஓடக் கூடாது.

பாராமீட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, டிரைவை மாற்றினாலோ இந்த டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். ரீசெட் செய்தால் நாம் போட்ட தடைகளும் போய்விடலாம்.

எங்கள் ஷெட்டில் இப்போது லேத் தினமும் ஓடுகிறது. மாதம் ஒரு தடவை அப்பா இந்த டெஸ்ட்டைச் செய்துவிட்டு எனக்கு போன் செய்வார். "பாத்துட்டேன் கண்ணு, சும்மாதான் நிக்குது" என்பார். அந்த போன் வந்தால்தான் எனக்கு நிம்மதி.